ஒன்பதாம் பெட்டியும் பொருத்தக்காரியும்

என் மச்சினிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கல்லு கழுவுறா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். எழுத்தில் டீ ஆறாது, அதனால் இப்போது விளக்குகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஒரு கம்பெனி துளை போட்டுப் பார்க்கிறது. இயந்திரத்தின் குழாய் முனையில் வைரப் பொடி பதித்த பல் இருக்கும். அது கல்லை வட்டமாக அறுத்துக்கொண்டே கீழே போகும். குழாய்க்குள் உருட்டுக்கட்டை மாதிரி ஒரு கல் தண்டு நிற்கும். அதற்குக் கோர் என்று பெயர். வெளியே எடுக்கும்போது துண்டு துண்டாக உடைந்துதான் வரும். அந்தத் துண்டுகளை ஆழத்தின் வரிசைப்படி நீளமான பெட்டிகளில் அடுக்கி, எத்தனையாவது மீட்டர் என்று எழுதிய மரக்கட்டையை இடையிடையே செருகுவார்கள். ஒரு பெட்டிக்கு நாலு மீட்டர். அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கோர் கொட்டகையில் இறக்குவது என் வேலை. இறக்கிய பிறகு அது அவள் ராஜ்ஜியம்.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவாள். ஒரு துண்டின் அடிமுனையை அடுத்த துண்டின் தலைமுனையோடு வைத்து மெதுவாகத் திருப்புவாள். பல்லும் பள்ளமும் சேர்ந்து டக்கென்று உட்காருகிற வரை விடமாட்டாள். உட்கார்ந்ததும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் இரண்டின் மேலும் ஒரே கோடு இழுப்பாள். அப்புறம் டேப் வைத்து அளப்பது, போட்டோ எடுப்பது, நீளவாக்கில் பாதியாக அறுக்க அனுப்புவது. அறுத்த பாதி பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். கடைசியில் எல்லாம் வரிசைப்படி சரி என்று தாளில் அவள் கையெழுத்து. பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். வீட்டுக்காரர் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் மாமியாரும் கல்லும்தான் அவளுக்குத் துணை. இரண்டில் எது மிருது என்று கேட்டால் யோசிக்காமல் கல் என்பாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெட்டியைத் தலைகீழாக மேஜையில் வைத்துவிட்டாள். மேல் கல் கீழே, கீழ்க் கல் மேலே. அதைப் பார்த்து வரைந்த படமும் தலைகீழாகப் போய், அப்போதிருந்த மேனேஜரிடம் வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றையிலிருந்து முனை பொருந்தாமல் அவள் கையால் ஒரு பெட்டி மூடியதில்லை. கொட்டகையில் அவளுக்குப் பொருத்தக்காரி என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவள் அதைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

கம்பெனி தேடுவது லித்தியம் இருக்கும் கல். வெளுப்பில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும், நீள நீளமான பட்டைகளாக இருக்கும். சுற்றி இருப்பதெல்லாம் சாம்பல் கல். புகை விடாத வண்டிகளுக்குப் பேட்டரி செய்ய இது வேண்டும், ஒவ்வொரு நாடும் இதைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, நாம் தூங்கினால் பிறகு அடுத்தவன் வாசலில் கையேந்த வேண்டும் என்று மேனேஜர் கூட்டம் போட்டுச் சொல்வார். அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. என் லாரி விடுகிற புகையை முதலில் குடிக்கிறவன் நான்தான். மச்சினிக்கும் தகராறு இல்லை. மலையில் அந்தக் கல் இருந்தால் எடுக்க வேண்டியதுதான் என்பாள்.

நான் செய்த தப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புகிற மாதிரி இருக்கும்.

தெருவுக்கு ஆகப் பக்கத்தில் போட்ட துளை பதினேழாவது. அது முடிந்த அன்றைக்கே துளைக்காரர்கள் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட்டார்கள். முப்பது பெட்டிகளையும் ஒரே நடையில் ஏற்றினேன். இரண்டு நடையாக ஏற்றியிருக்க வேண்டும். இறக்கத்து வளைவில் கட்டுக்கயிறு அறுந்து ஒன்பதாம் பெட்டியும் இருபத்தேழாம் பெட்டியும் கீழே விழுந்தன. ஒவ்வொன்றிலும் பாதிக் கல் ரோட்டில் கொட்டியது. பொறுக்கினேன். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வெளுத்த கல், இரண்டு மீட்டர் சாம்பல் கல். எது எந்தப் பெட்டி என்று சத்தியமாகத் தெரியவில்லை. வெளுத்ததை ஒன்பதில் வைத்தேன், சாம்பலை இருபத்தேழில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் அவள் பார்த்துச் சரிபண்ணிவிடுவாள் என்று நினைத்தேன். கொட்டகைக்குப் போனால் அவள் இல்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று பதினோரு நாள் லீவு போட்டிருந்தாள்.

அந்தப் பதினோரு நாளில் கல் கழுவாமலே அறுபட்டு, பாதி பரிசோதனைக்கும் போய்விட்டது. முடிவு வந்தது. மற்றத் துளைகளில் எல்லாம் நூறு மீட்டருக்குக் கீழேதான் லித்தியம். இந்த ஒன்றில் மட்டும் முப்பத்து மூன்றாவது மீட்டரில். புதையல் மேலேயே இருக்கிறது என்று படம் போட்டார்கள். கீழே இருந்தால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுரங்கம் குடைய வேண்டும், வருஷக்கணக்காகும். மேலே இருந்தால் நேராகப் பள்ளம் தோண்டலாம். பள்ளம் தோண்டும் இடத்தில்தான் எங்கள் தெருவின் நாற்பது வீடுகளும் நிற்கின்றன. இந்தக் கனிமம் அரசாங்கத்தின் அவசரப் பட்டியலில் இருக்கிறதாம். அதனால் விசாரணை, ஆட்சேபம் என்று இழுக்காமல் மூன்று மாதத்தில் தெருவைக் காலி செய்யலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மச்சினி லீவு முடிந்து வந்த அன்று காலை, நான் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். கையில் ஈரம்.

"மாமா, பதினேழாவது துளைப் பெட்டியெல்லாம் நீங்கதானே கொண்டு வந்தீங்க?"

"வேற யாரு, உன் மாமியாரா கொண்டு வருவாங்க?"

"அவங்க கொண்டு வந்திருந்தா ஒழுங்கா வந்திருக்கும். ஒத்தைக் கண்ணுலயே ஊசி கோக்குறாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒன்பதுல இருக்கிற வெள்ளைக் கல்லு மேலயும் சேரல, கீழயும் சேரல. இருபத்தேழுல இருக்கிற சாம்பக் கல்லும் அப்படித்தான். ஒரு முனை தேஞ்சிருக்கலாம் மாமா. நாலு முனையுமா தேயும்? மாத்தி வச்சுப் பாத்தேன். நாலும் உக்காருது."

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

"உங்க பேரை நான் எங்கயும் சொல்ல மாட்டேன். அது உங்க வாய், உங்க பாடு. ஆனா கல்லை அங்கேயே விட்டுட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ லீவுல இருந்தப்ப நடந்தது. லீவுல இருந்தேன்னு எழுதிட்டுப் போயேன்."

"அப்ப தெருவை இடிச்சு, முப்பது மீட்டர் தோண்டி, கீழ சாம்பக் கல்லைப் பாத்துட்டு நிப்பாங்க. அப்பவும் நான் லீவுன்னு சொல்லிக்கவா?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு ஏற்ற லோடே கிடையாது. சும்மாதான் போனேன்.

அவள் மேனேஜரிடம் போனாள். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்திலிருந்து நாளுக்கு மூன்று போன் வருகிற மனுஷன். அவருக்கு அந்த ஒன்பதாம் பெட்டி கும்பிட்டதற்குக் கிடைத்த வரம். நடந்ததை அவளே பிறகு எங்கள் வீட்டில் வந்து ஒப்பித்தாள்.

"உன் வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தத் தெருவுலதான் சார். பதினோராம் நம்பர்."

"அப்புறம் கல்லு பொருந்தாமத்தான் போகும்."

"என் வீடு போனா போகட்டும் சார். கல்லு இருந்தா தோண்டுங்க, நானே சாமானைத் தூக்கி வெளிய வைக்கிறேன். இல்லாத எடத்துல தோண்டாதீங்கன்னுதான் சொல்றேன்."

"தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா."

"போடல சார்."

"போடலன்னா கொட்டகைக்கு வேற ஆள் வரும்."

"வரட்டும். அவங்களும் முதல்ல முனையைத்தான் பொருத்திப் பாப்பாங்க."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரி தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டே அழுதாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி எழுந்தேன்.

கம்பெனிதான் இப்படி என்றால் தெரு அதைவிட மோசம். நோட்டீசில் நஷ்ட ஈடும் புது வீடும் உண்டு என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் சுவரெல்லாம் விரிசல். நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய், அதுவும் கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி எப்போதாவதுதான் வரும். புது வீடு என்றதும் ஜனங்கள் மனதிலேயே குடிபோய்விட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலுக்குத் திரைத் துணியே வெட்டி வைத்துவிட்டாள். அப்படி இருக்கும்போது பொருத்தக்காரி கையெழுத்துப் போடவில்லை என்று சேதி வந்தால் எப்படி இருக்கும்?

குழாயடியில் தையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, உனக்குப் புது வீடு வேண்டாம்னா நீ இந்த ஓட்டையிலயே கெட. எங்க சோத்துல எதுக்கு மண்ணள்ளிப் போடுற?"

"எனக்கும்தான் வேணும்க்கா. என் வீட்டுல மழை பெஞ்சா கொடை பிடிச்சுக்கிட்டுச் சமைக்கிறேன்."

"அப்ப போட வேண்டியதுதானே ஒரு கையெழுத்து. உன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

"பொய்யிக் கல்லைக் காட்டி வீடு வாங்கினா, கல்லு இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு வீட்டுப் பேச்சும் போயிடும்க்கா. இதை இடிச்சிருப்பாங்க, அதைக் கட்டியிருக்க மாட்டாங்க. அப்ப நாம ரெண்டு பேரும் உன் தையல் மிஷினுக்கு அடியிலதான் படுக்கணும்."

"வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் ஒருத்தி நிறுத்தினால் பரவாயில்லை, தெருவே நிறுத்தியது. மச்சினி குழாய்க்கு வந்தால் வரிசை தானாக நெருங்கி இடம் இல்லாமல் ஆகும். அவள் கடைசியில் போய் நிற்பாள். தண்ணீர் தீர்ந்தால் காலிக் குடத்தோடு திரும்புவாள். ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. அது எனக்கு அவள் கத்தியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆபீசர் வந்தார். பள்ளத்துக்கு உத்தரவு போடும் முன் ஒன்பதாம் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கொட்டகையைக் கழுவி, நாற்காலி போட்டு, மேஜையில் அந்தப் பெட்டியை மட்டும் எடுத்து வைத்தார்கள். மச்சினியை அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். அவள் கொட்டகை வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். லீவு நாளில் பெருக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. நான் வாட்டர் கேன் இறக்க வந்த சாக்கில் உள்ளே நின்றேன்.

ஆபீசர் வெளுத்த கல்லைத் தடவிப் பார்த்தார். "அருமையான கல்" என்றார். மேனேஜர் முகம் நூறு வாட் பல்பு.

அப்போது இவள் இருபத்தேழாம் பெட்டியை இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அறுத்தது பாதியென்றாலும் நல்ல கனம். மேஜையில் இறக்கினாள்.

"சார், நான் இங்க கல்லு பொருத்துறவ. நான் ஒண்ணும் பேசல. நீங்களே உங்க கையால அந்த வெள்ளைக் கல்லை ஒன்பதாம் பெட்டியில பொருத்திக் காட்டுங்க. பொருந்துச்சுன்னா இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறேன்."

"ஏய், வெளிய போ" என்றார் மேனேஜர்.

ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைக் கையை மடித்தார். வெளுத்த கல்லை மேலே இருந்த சாம்பல் கல்லோடு வைத்துத் திருப்பினார். இடைவெளியில் விரல் நுழைந்தது. மறுபடி திருப்பினார். கீழ்முனையைப் பார்த்தார். அதுவும் உட்காரவில்லை. அவர் கல் படித்தவர் போலிருக்கிறது, கை பதறாமல் வேலை செய்தது. மச்சினி இருபத்தேழாம் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். வெளுத்ததை அதில் வைத்தார். டக்.

கொட்டகையில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மேனேஜர் சட்டென்று சொன்னார்: "சார், இவ வீடு அந்தத் தெருவுலதான் இருக்கு. லீவு முடிஞ்சு வந்து இவளே கல்லு முனையை ஒடைச்சு, பொருந்தாம பண்ணி வச்சிருக்கா. போலீசுக்கு எழுதலாம்னு இருக்கேன்."

போலீஸ் என்றதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் நிற்கிற பக்கமே திரும்பவில்லை. வேண்டுமென்றே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கேனை வைத்தேன். "சார், கொட்டினது நான். இறக்கத்து வளைவுல கயிறு அறுந்துபோச்சு. குத்துமதிப்பா பொறுக்கி வச்சேன். வேலை போயிடும்னு சொல்லல."

"இவன் அவ அக்கா புருஷன் சார்" என்றார் மேனேஜர். "குடும்பமே சேந்து நாடகம் போடுது."

ஆபீசர் மேனேஜரைப் பார்த்து, "கல்லை யாரு வேணா ஒடைக்கலாம். ரெண்டு மீட்டர் கல்லை நாலு எடத்துலயும் பொருந்துற மாதிரி ஒடைக்க என்னால முடியாது, உங்களால முடியுமா?" என்று கேட்டார். "பக்கத்துலயே இன்னொரு துளை போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் கையைக் கழுவப் போனார்.

பதினேழாவது துளைக்கு இரண்டு மீட்டர் தள்ளி இயந்திரத்தைத் திரும்பக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தெருவே வேலியைச் சுற்றி நின்று பார்த்தது. பாதிப் பேர் வெள்ளைக் கல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து நாலு. குழாயைத் தட்டத் தட்டச் சாம்பல்தான் விழுந்தது. தையல்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நூற்றாறாவது மீட்டரில் வெளுத்த கல் வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டேன், பக்கத்தில் ஆட்கள்.

பள்ளம் இல்லை, சுரங்கம்தான் என்று முடிவானது. என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அது நியாயம், நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். தண்ணீர் கொட்டினால் கொட்டினது கொட்டினதுதான், மாற்றி வைக்கிற வேலை இல்லை.

அவளை அனுப்ப முடியவில்லை. ஆனால் மேனேஜர் கடைசியாக ஒரு வேலை பார்த்தார். திருத்திய தாளில் பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். முதலிலேயே எல்லாம் சரியாக இருந்த மாதிரி ஆகிவிடும், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, உன் மாமாவுக்கும்தான் என்றாராம். அவள் தாளில் அன்றைய தேதியைப் போட்டாள். இரண்டு பெட்டிகளின் மூடியிலும் வெள்ளைப் பெயிண்டால், "லாரியில் கொட்டியது, மாற்றி வைக்கப்பட்டது, பிறகு திருத்தப்பட்டது" என்று எழுதி, இரண்டு தேதியையும் கீழே போட்டாள். என் பெயரை எழுதவில்லையா என்று கேட்டேன்.

"பொட்டியில கல்லோட கதையைத்தான் எழுதணும் மாமா. உங்க கதைக்கு எடம் பத்தாது" என்றாள்.

அந்த வாரமே குழாயடியில் பழைய சண்டை திரும்ப வந்தது. புது வீடு போச்சு, உன்னால்தான் போச்சு என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவள் காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"வீடு வேணும்னா வீடு வேணும்னு போய்க் கேளுங்க. செவுரு விரிஞ்சிருக்கு, தண்ணி வரல, இயந்திரம் ஓடினா பாத்திரம் ஆடுது. இதெல்லாம் பொய்யா? கேக்குறதுக்குக் கல்லு எதுக்கு? நான் வரேன். திங்கக்கிழமை பத்து மணி. யாரு வரீங்க?"

ஒருத்தி, "மேனேஜர் நம்மள உள்ளயே விடமாட்டாரு" என்றாள்.

"அப்ப வெளிய ஒக்காருவோம். படி பெருசாத்தான் கட்டியிருக்காங்க."

திங்கட்கிழமை நான் தண்ணீர் லாரியோடு அந்தப் பக்கம் போனபோது அலுவலகப் படியில் பதினோரு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் மட்டும் உள்ளே வந்து பேசுங்கள், கூட்டமாக வரக்கூடாது என்று காவலாளி சொல்லிக்கொண்டிருந்தான். மச்சினி எழுந்திருக்கவில்லை. "பதினோரு வீட்டு விரிசலையும் அளந்து எழுதிக் கொண்டாந்திருக்கோம். ஒருத்தி எப்படிப்பா பதினோரு வீட்டைச் சொல்லுவா? அவரை வெளிய வரச் சொல்லு, படியிலயே எடம் இருக்கு" என்றாள்.

தையல்காரம்மா இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஆனால் அவளுக்கு அடுத்த படியில்தான் உட்கார்ந்திருந்தாள். காவலாளி இரண்டாவது தடவை வந்து எழுந்திருக்கச் சொன்னபோது, அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.